சிஸ்டரின் ரப்பர் தவளைகள்

வேங்கிக்காலில் நாங்கள் குடிபோன வீட்டில் மூன்று போர்ஷன்கள். முன்னால் வீட்டுக்காரம்மா, நடுவில் நாங்கள், பின்னால் ஒரு நர்ஸ். சாமான்களை இறக்கிய அன்று குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். எல்லாருக்கும் பொதுவான சிமெண்டுத் தொட்டி ஓரத்தில், டியூட்டி முடித்து வந்த வெள்ளைப் புடவையோடு ஒரு பெண்மணி குந்தியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு நைலான் நரம்பு. அதன் நுனியில், தொட்டித் தண்ணீரில், ஒரு கறுப்புத் தவளை. நரம்பைச் சுண்டினால் தவளை தத்தியது. விட்டால் நின்றது.

நான் போட்ட சத்தத்தில் குடம் கீழே விழுந்தது.

"பயப்படாதம்மா, ரப்பரு" என்றார் திரும்பிப் பார்க்காமலே. "ஒரு பக்கமா சாயுது பாரு. எந்த தவளையாவது இப்படி நொண்டி நீஞ்சுமா?"

நான் குடத்தை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் முன்வீட்டிலிருந்து குரல் வந்தது. "சிஸ்டர்! குடியிருக்கறவங்க பொழங்குற தண்ணிங்க அது. அதுல தவளைய விடுவாங்களா?"

"உசுரோட இருக்கறத விட்டாதான தப்பு?" என்று சொல்லிவிட்டு, தவளையைத் தூக்கி அதன் வயிற்றுப் பக்கத்தில் பிளேடால் ஒரு சீவு சீவினார். மறுபடியும் விட்டார். இப்போது நேராக நீந்தியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய பல்வரிசை. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், குடத்தைத் தூக்கியும் விட்டார்.

ஊரில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அப்போது ஜில்லா புதிதாகப் பிரிந்திருந்தது. கலெக்டர் ஆபீஸ் வந்ததால் வேங்கிக்கால் பக்கம் காலிமனைகளில் எல்லாம் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த அரசு ஊழியர்கள் நிறையப் பேர். அதனால் யார் என்ன செய்தாலும் கொஞ்ச நாளைக்கு வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். சிஸ்டரை மட்டும் அப்படி விட முடியவில்லை. சாயங்காலம் ஆனால் டிவிஎஸ் ஃபிப்டியில் தூண்டில் கோலைக் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போகும் பெண்ணை எத்தனை தடவை பார்த்தாலும் பழகிவிடாது. அதுவும் புழுவோ நிஜத் தவளையோ கிடையாது. அவர் தண்ணீரில் போடுவது அத்தனையும் அவரே செய்த டூப்பு. அவரும் அப்படித்தான் சொல்வார். "இன்னிக்கு எந்த டூப்பு எடுத்துட்டுப் போறது?"

விரால் மீனுக்கு நிஜத் தவளையைத் தூண்டில் முள்ளில் குத்திப் போடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று ஒரு நாள் கேட்டேன்.

"நாள் பூரா குத்திட்டுதாம்மா வர்றேன். சாயங்காலமும் குத்தணுமா?"

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊசியை வெந்நீரில் கொதிக்கவைக்க நீளமான ஸ்டீல் டப்பா ஒன்று இருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசி வந்ததும் அந்த மாதிரி டப்பாக்களுக்கு வேலை போய்விட்டது. பழைய பாத்திரக் கடையில் கிடைத்த அப்படி ஒன்றில்தான் சிஸ்டரின் டூப்புகள் குடியிருந்தன. ஹவாய் செருப்பின் ரப்பரை வெட்டிச் செய்த தவளைகள். சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டிய பின்னங்கால்கள். கைப்பிடியை அறுத்தெடுத்த ஸ்டீல் ஸ்பூன்கள். நகப்பாலிஷ் பூசிய மரமீன். மூடி போட்ட பேனாக் குழாய்க்குள் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் செய்த ஒன்று. குலுக்கினால் கிலுகிலுப்பை போலச் சத்தம் வரும். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், காய்ச்சலில் படுத்து எழுந்து ஊருக்குப் போகும்போது கொடுத்த பிளாஸ்டிக் மீனும் இருந்தது. அவ்வளவு அழகு. கண்கூட மினுங்கும். வயிற்றில் மும்மூன்றாய் முட்கள்.

"இது நம்ம ஏரிக்கு ஆகாதும்மா. அவங்க ஊர்ல தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும்போல. இங்க போட்டா கோரையத்தான் பிடிச்சுட்டு வரும்." பிறகு கீழ் முட்களைக் கழற்றிவிட்டு, முதுகோடு ஒட்டி மேலே பார்க்கும்படி ஒற்றை முள்ளைக் கட்டினார். அல்லி இலைமேல் இழுத்தாலும் மாட்டாமல் வழுக்கி வந்தது.

எதை எடுப்பது என்று அவர் வீட்டிலேயே முடிவு செய்யமாட்டார். ஏரிக்கரையில் போய்ச் சும்மா நிற்பார். தண்ணீர் கலங்கியிருந்தாலோ பொழுது மங்கியிருந்தாலோ கறுப்புத் தவளை. கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்துக்கு எதிரே கறுப்புதான் பளிச்சென்று தெரியும் என்பார். வெயில் அடித்துத் தண்ணீர் தெளிந்திருந்தால் வெள்ளை அல்லது பச்சை, அதுவும் சின்னது. மதகுப் பக்கம் ஆழத்துக்கு ஸ்பூன். இலை மூடிய இடத்துக்குக் கிலுகிலுப்பை. வீசியதும் இழுக்கத் தொடங்கமாட்டார். விழுந்த அலை அடங்கும்வரை விடுவார். பிறகு ஒரு தத்தல், ஒரு நிறுத்தம். இலைகளுக்கு நடுவே பொந்து மாதிரி தண்ணீர் தெரியும் இடம் வந்தால் அங்கே தவளையை உட்காரவைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். விரால் அடித்தாலும் உடனே கோலைத் தூக்கக் கூடாது. வாய்க்குள் வாங்கித் தலையைத் திருப்பட்டும் என்று விடவேண்டும்.

இதெல்லாம் கைப்பழக்கம். சிஸ்டர் யார் என்பது மீன் இரை எடுக்காத நாளில்தான் தெரியும். மற்றவர்கள், இந்த ஏரியில் மீனே இல்லை, குத்தகைக்காரன் வலைபோட்டு வழித்துவிட்டான், காற்று சரியில்லை என்பார்கள். சிஸ்டர் டப்பாவைத் திறந்து, "நான் போட்டது அதுக்குப் பிடிக்கல" என்பார். அதில் வருத்தமோ கோபமோ இருக்காது. அடுத்ததை எடுத்துக் கட்டுவார். அவர் மீனைத் திட்டி நான் கேட்டதேயில்லை.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். காலில் புண்ணோடு வந்த ஒரு விவசாயி கட்டுப் பிரிக்கவே விடமாட்டேன் என்று வார்டையே கலக்கியதை ஒரு நாள் நேரில் பார்த்தேன். என் தங்கையைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த சமயம். சிஸ்டர் முதலில் நயமாகச் சொன்னார். கேட்கவில்லை. அதட்டினார். கேட்கவில்லை. பேசாமல் போய்விட்டுத் திரும்பி வந்து, அவர் கட்டில்மேல் உட்கார்ந்து, "உங்க மாடு கண்ணு போட்டு எவ்ளோ நாளாச்சு? நஞ்சுக்கொடி சரியா விழுந்துச்சா?" என்று கேட்டார். அந்த மனிதர் மாட்டைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கட்டு மாறியிருந்தது. போகும்போது சிஸ்டர் என்னிடம், "ரெண்டு தரம் தப்பா போட்டுட்டேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் டிரைவர். ஒரு நாள் பிற்பகல், தண்டராம்பட்டுச் சாலையில், கிளைப்பாதையிலிருந்து ஒரு சைக்கிள் சடாரென்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டும் பஸ் நிற்கவில்லை. சைக்கிளில் வந்தவர் அங்கேயே இறந்துபோனார். விசாரணையில் இவர்மேல் தவறு இல்லை என்று எழுதிவிட்டார்கள். திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள். இவர்தான் போகவில்லை.

பஸ் என்ன, எந்த வண்டியிலும் ஏறமாட்டேன் என்றார். சாப்பிடுவார், படுப்பார், சுவரைப் பார்ப்பார். சொந்தக்காரர்கள் வந்து புத்தி சொன்னார்கள். கோயிலில் அர்ச்சனை செய்தேன். மந்திரித்துக் கயிறு கட்டினோம். பௌர்ணமிக்கு மலைசுற்ற அழைத்துப்போனேன். அடி அண்ணாமலை தாண்டும்போது பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்ததில், அத்தனை கூட்டத்திலும் ரோட்டோரம் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நானும் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

சிஸ்டர் ஒரு புத்தியும் சொல்லவில்லை. ஒரு நாள் வந்து, "சார், கொஞ்சம் கூட வந்து டார்ச்சு பிடிக்கறீங்களா?" என்றார். இவர் தலையாட்டி மறுத்தார். இன்னொரு நாள் நரம்பு சிக்கிய தூண்டில் ரீலைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாளும் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் சிஸ்டரே வந்து எடுத்துப்போனார். பிறகு கெண்டைமீன் குழம்பு கொடுத்துப் பார்த்தார். இவர் தொடவில்லை. பிறகு ஒரு காலை, புது ஸ்டீல் ஸ்பூனும் ஆணியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். பழைய ஸ்பூன்களை எப்படித் துளைத்தாரோ, அன்று டங் டங்கென்று அரைமணி நேரம். ஆணி வளைந்ததுதான் மிச்சம்.

உள்ளேயிருந்து இவர் எழுந்து வந்தார். "ஸ்டீல்ல ஆணி எறங்காது சிஸ்டர். குடுங்க இங்க."

பல நாட்களுக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அது. நான் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

கைத்துளைக் கருவி வாங்கிவந்து இரண்டு முனையிலும் ஓட்டை போட்டுக் கொடுத்தார். சிஸ்டர் வளையத்தையும் முள்ளையும் மாட்டித் தொட்டியில் விட்டார். ஸ்பூன் சுழன்று சுழன்று போனது. இவர் குனிந்து பார்த்தார். "ஜாஸ்தியா சுத்துது. வளைவக் கம்மி பண்ணணும்" என்றார். அன்று சாயங்காலம் அது ஏரியில் எப்படிப் போகிறது என்று பார்க்க, தானாகவே கிளம்பினார். வண்டியில் ஏறமாட்டார் என்று சிஸ்டருக்குத் தெரியும். டிவிஎஸ்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு அவரும் நடந்தார்.

தினமும் போனார்கள். முன்வீட்டம்மா என்னை ஜாடையாகக் கேட்டார். "உன் வீட்டுக்காரர் கொளம் ஏரினு சுத்தறாரே, கூட யாருனு பாத்தியா? அந்தம்மாவுக்குக் குடும்பமும் இல்ல, குட்டியும் இல்ல." நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அந்தப் பேச்சு என்னைக் குத்தியது உண்மை. ஒரு நாள் அவர்களுக்குப் பின்னாலேயே ஏரிக்குப் போனேன். கரையில் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று, ஆளுக்கொரு டூப்பை வீசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பேச்சில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்ததும் கையாட்டினார்.

"வந்துட்டியா? நீயா வரணும்னுதான் இருந்தேன். நான் கூப்பிட்டிருந்தா நீ சந்தேகப்பட்டிருப்ப. வா, இந்தப் பக்கம் நில்லு. நெழலு தண்ணியில விழக்கூடாது."

அன்றிலிருந்து மூன்று பேரும் போனோம்.

இவர் பிடிவாதக்காரர். ஒரே ஸ்பூனை ஒரே இடத்தில் வீசுவார். கிடைக்காவிட்டால் எரிச்சல்படுவார். சிஸ்டர் டப்பாவைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எதை எடு என்று சொல்லமாட்டார். ஒரு நாள் இவரே கறுப்புத் தவளையை எடுத்துக் கட்டினார். கோரை ஓரத்தில் தண்ணீர் லேசாகக் கொப்பளித்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்து வீசக் கையை ஓங்கினார்.

"சார், அங்க வேணாம்."

சிஸ்டர் யாரையும் அப்படித் தடுத்து நான் பார்த்ததில்லை. கிட்டப் போய்ப் பார்த்தோம். தண்ணீருக்கு அடியில் சிவப்பாக ஒரு கூட்டம், குங்குமம் கரைத்தது போல. விரால் குஞ்சுகள். அவற்றுக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல் அசைந்தது.

"தாயும் தகப்பனும் கீழயே காவல் இருக்கும். அங்க எதப் போட்டாலும் அடிக்கும். டூப்புனு தெரிஞ்சாலும் அடிக்கும். பசியில இல்ல, புள்ளைங்களுக்காக. அத நான் பிடிக்கறதில்ல. பெருசு போயிட்டா இத்தனையும் ஜிலேபி மீனுக்குத் தீனி."

இவர் கோலைக் கீழே வைத்தார். கரையில் உட்கார்ந்தார். அந்தச் சிவப்பையே பார்த்தபடி கேட்டார்.

"சிஸ்டர், அடிபட்டவங்களுக்குத் தண்ணி குடுக்கலாமா?"

சிஸ்டர் நரம்பைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"அவரு தண்ணி கேட்டாரு. மடியில தலைய வெச்சு நான்தான் குடுத்தேன். குடிச்சாரு. அதுக்கப்புறம்தான் உசுரு போச்சு. கூட்டத்துல ஒருத்தர் சொன்னாரு, தண்ணி குடுத்துக் கொன்னுட்டியேனு. பஸ்ஸால போகல சிஸ்டர். என் கையாலதான் போச்சு."

இத்தனை மாதமாக இவர் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தது பஸ்ஸை அல்ல, அந்தத் தண்ணீரை.

சிஸ்டர் வந்து எதிரே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக் குரலில், மெதுவாகச் சொன்னார். "நெனவு இல்லாதவங்களுக்குக் குடுக்கக் கூடாது. அது நெசம். அவருக்கு நெனவு இருந்துச்சு, கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அன்னிக்கு டியூட்டியில நான்தான் இருந்தேன். ஒடம்பக் கொண்டாந்தப்ப பாத்தேன். பின்மண்டையில அடி. தண்ணி குடுத்திருந்தாலும் அதேதான், குடுக்காம இருந்திருந்தாலும் அதேதான். மனசுக்கு எதமா இருக்கட்டும்னு சொல்றவ நான் இல்ல சார்."

இவர் அழுதார். நான் அதுவரை அவர் அழுது பார்த்ததில்லை.

திரும்பி நடக்கும்போது சிஸ்டர் என்னோடு பின்தங்கி வந்தார். "நான் பக்கத்து வீட்டுலயே இருக்கேன். அந்த வார்டுலயே இருந்தேன். இத்தன நாளும் வேறென்னமோ பண்ணிட்டிருந்தேன் பாரு. எல்லாரும் வண்டி, வண்டினு அதயே அவர் முன்னாடி போட்டுட்டிருந்தோம். அவருக்கு வண்டி பிரச்சனையே இல்லம்மா." கொஞ்சம் நடந்த பிறகு, "அந்த சைக்கிள்காரரு வீட்டுக்குப் போகணும்" என்றார்.

மறுநாள் இவரிடம் அதைக் கேட்டதும் உடனே சரி என்றார். வேறு எதற்கும் வராத அந்தச் சரி. பஸ்ஸில்தான் போகவேண்டும். கடைசி சீட்டில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிஸ்டருக்கும் எனக்கும் நடுவே உட்கார்ந்து வந்தார்.

இறந்தவரின் மனைவி வாசலில் விதைக் கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இவர் வாசலிலேயே நின்று, "நான்தாங்க அந்த பஸ்ஸ ஓட்டுனவன்" என்றார்.

அந்தம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. நாங்கள் மூவரும் நின்றுகொண்டே இருந்தோம். சிஸ்டர் கீழே உட்கார்ந்து, முறத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கை மல்லாட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன்.

"ஏதாச்சும் சொன்னாரா?" என்றார் அந்தம்மா, தலை நிமிராமல்.

"தண்ணி கேட்டாருங்க."

"குடுத்தாங்களா?"

"நான் குடுத்தேன். என் மடியிலதான் இருந்தாரு."

"குடிச்சாரா?"

"குடிச்சாருங்க."

அந்தம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு சொன்னார். "நடு ரோட்டுல, கேக்க ஆள் இல்லாம, தொண்ட காஞ்சு கெடந்தாரோனு நெனச்சு நெனச்சு, எனக்குத் தண்ணி எறங்காம இருந்துச்சுங்க. யாரும் எங்கிட்ட சொல்லலியே இத." முகத்தைத் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார். "ஏன் நிக்கறீங்க? உக்காருங்க."

இவர் உட்கார்ந்தார். முறம் முழுவதும் தீரும்வரை நான்கு பேரும் உரித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் இவர் கண்ணை மூடவில்லை. ஒரு வளைவு திரும்பியதும், எங்களுக்கு மட்டும் கேட்கும்படி, "கியரு மாத்தத் தெரியல இவனுக்கு" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். சிஸ்டர் என் முழங்காலை அழுத்தினார். அடுத்த மாதம் இவர் டிப்போவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

நன்றி சொல்ல ஒருமுறை புடவை எடுத்துக்கொண்டு போனேன். கலர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மையாகவே பிடிக்கவில்லைதான். முகத்தைச் சுளித்தார். நான் வேறு கலர் எடுத்துக்கொண்டு போனேன். "இப்ப சரி" என்று சிரித்து, அதை வாங்கி அன்றைக்கே கட்டிக்கொண்டார்.

சில வருஷங்களில் அவருக்கு வேலூருக்கு அப்பால் மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு எங்கே போனார், ஓய்வு பெற்றாரா, யாரோடு இருக்கிறார், எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். புதிதாக வந்தவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. இவர் ஒரு சின்ன விபத்துகூட இல்லாமல் ஓட்டி ரிட்டயர் ஆனார். இப்போதும் ஏரியில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் போகிறார். மீன் எடுக்காவிட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். சிஸ்டரின் பொறுமை எங்கள் யாருக்கும் வரவில்லை.

அவர் ஊரைவிட்டுப் போன நாளைச் சொல்லவேண்டும். அப்போது இவருக்கு வேலூர் ரூட். பெட்டியும் தூண்டில் கோலுமாக சிஸ்டர் இவர் பஸ்ஸில்தான் ஏறினார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். அவர் ஜன்னல் வழியாக, "போம்மா, வெயிலு" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த இவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பேசிட்டு வந்தாங்க சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"எங்க பேசினாங்க? எனக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்தாங்க. கண்ணாடியில பாத்தேன். போளூர் வர்றதுக்குள்ளயே தூங்கிட்டாங்க. வாயத் தொறந்துக்கிட்டு, வேலூர் வரைக்கும் நல்ல தூக்கம்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எனக்கு ஏற்கெனவே சொன்னதை மறந்தவர் போல, மறுபடியும் சொன்னார்.

"என் வண்டியில தூங்கிட்டே வந்தாங்க."